ஒன்பது நாளாகத் திறக்காத பொறி

கேள்வி (தொண்டியிலிருந்து ஒருவர்), ஜூலை 4

வீனஸ் பூச்சிப்பொறிச் செடி ஒன்று ஆன்லைனில் வாங்கினேன். போன மாதக் கடைசியில் ஒரு இலையில் ஈ மாட்டியது. ஒன்பது நாளாகியும் வாய் திறக்கவில்லை. பக்கத்து இலையைக் குச்சியால் சீண்டி மூட வைத்தேன், அது மறுநாளே திறந்துவிட்டது. என் நண்பன் சொல்கிறான்: மூடினால் உள்ளே ஆசிட் ஊறும், இருப்பதைக் கரைக்கும், இதில் செடிக்கு ஒரு கட்டுப்பாடும் கிடையாது. சரியா?

ஜூலை 4, இரவு 10.20

சரியில்லை. நண்பர் சொல்வது உண்மையென்றால் குச்சியால் சீண்டிய இலைக்குள்ளும் ஆசிட் ஊறியிருக்கும், அதுவும் நாள்கணக்கில் மூடிக் கிடந்திருக்கும். கிடக்கவில்லையே. விடையைக் கேள்விக்குள்ளேயே வைத்துக்கொண்டு கேட்கிறீர்கள்.

மூடுவது ஒரு வேலை, செரிப்பது வேறு வேலை. இரண்டுக்கும் நடுவில் செடி காத்திருக்கிறது. இலையின் ஒவ்வொரு மடலிலும் உள்பக்கம் பெரும்பாலும் மூன்று மெல்லிய முடி இருக்கும். ஒன்றை ஒருமுறை தொட்டால் ஒன்றும் ஆகாது. சுமார் 20 விநாடிக்குள் இன்னொரு தொடல் விழுந்தால் பத்தில் ஒரு விநாடியில் படக்கென்று மூடும். முதல் தொடலை அது எப்படி ஞாபகம் வைத்திருக்கிறது என்பதை 2020இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஒவ்வொரு தொடலுக்கும் இலைச் செல்களில் கால்சியம் ஏறுகிறது, ஏறியது மெல்ல வடிகிறது. வடிவதற்குள் அடுத்த தொடல் வந்தால் அளவு வரம்பைத் தாண்டிவிடும். ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவது மாதிரிதான். ஒரு செம்பு ஊற்றிவிட்டு நின்றால் ஒழுகிப்போகும், ஒழுகுமுன் அடுத்த செம்பு விழுந்தால் குடம் வழியும்.

இவ்வளவும் வெறும் கதவடைப்பு. அடுப்பு இன்னும் பற்றவைக்கவில்லை.

ஜூலை 5, காலை 6.10

தூங்கிவிட்டேன், மிச்சம் இது.

மூடிய பிறகு உள்ளே மாட்டிய ஈ சும்மா இருக்காது, துடிக்கும். துடிக்கத் துடிக்க அதே முடிகளில் மறுபடி மறுபடி படும், ஒவ்வொரு படலுக்கும் இலையில் ஒரு மின் துடிப்பு ஓடும். (இந்தச் செடியில் மின்சாரம் ஓடுவதை 1873இலேயே பர்டன் சாண்டர்சன் என்ற ஆங்கிலேய உடலியல் ஆய்வாளர் அளந்துவிட்டார். நரம்பு இல்லாத உயிரில் நரம்புத் துடிப்பு!) ஜெர்மனியில் வூர்ட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்து ஹெட்ரிக் குழு 2016இல் இதை எண்ணிப் பார்த்தது. இரண்டு துடிப்புக்கு மூடுகிறது. அதற்கு மேல் போனால் உள்ளே ஒரு ஹார்மோன் கிளம்புகிறது. ஐந்தைத் தாண்டினால்தான் செரிமான நொதிகளைத் தயாரிக்கும் மரபணுக்கள் வேலைக்கு இறங்குகின்றன. துடிப்பு கூடக் கூட நொதியும் கூடும். பெரிய பூச்சி அதிகம் உதறும், அதற்கு அதிகமாகச் சுரக்கும். சின்னது என்றால் சிக்கனம்.

உங்கள் குச்சி இரண்டு தடவை தொட்டுவிட்டு ஒதுங்கிக்கொண்டது. செடி அரை நாள், ஒரு நாள் பொறுத்துப் பார்த்தது, உள்ளே யாரும் கதவைத் தட்டவில்லை, திறந்துவிட்டது. ஒரு சொட்டுச் சாறும் வீணாகவில்லை.

ஒன்பது நாள் என்பதற்குப் பயப்பட வேண்டாம். பூச்சியின் பருமனையும் வெயிலையும் பொறுத்து பொதுவாக 5லிருந்து 12 நாள் வரை ஆகும்.

ஜூலை 5, மதியம் 2.00

"அண்ணே, நீங்க சயன்ஸ் வாத்தியாரா?" என்று கேட்ட தம்பிக்கு: அண்ணன் இல்லை, அக்கா. வாத்தியாரும் இல்லை. தங்கச்சிமடத்தில் மல்லிகை நாற்றுப் போடுகிறோம். பூச்சியைத் தின்னும் செடியைவிடச் செடியைத் தின்னும் பூச்சியோடுதான் எனக்குப் பழக்கம் அதிகம்.

ஜூலை 6, இரவு 11.45

"எண்ணிப் பார்த்தது", "பொறுத்துப் பார்த்தது" என்று நான் எழுதியதை இப்போது படித்தால் எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஓட்டைக் குடம் எண்ணுமா? குடம் நிறைகிறது அல்லது நிறையவில்லை, அவ்வளவுதான். ஆனால் பத்திரிகைகளில் எல்லாம் செடிக்குக் கணக்குத் தெரியும் என்றுதான் போடுகிறார்கள், நானும் அந்த இழுப்பில் போய்விட்டேன். நண்பர் "கட்டுப்பாடு கிடையாது" என்று சொன்னது இந்த அர்த்தத்தில் என்றால், அதாவது உட்கார்ந்து யோசிக்கும் ஆள் யாரும் உள்ளே இல்லை என்றால், அவர் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. மன்னிப்புக் கேட்கவில்லை. கொஞ்சம் என்றுதான் சொன்னேன்.

ஜூலை 9, இரவு 9.30

அந்த ஹார்மோன் பெயரைச் சொல்லாமல் விட்டேன், அதைத் தனியாகச் சொல்ல வேண்டும் என்றுதான் விட்டேன். அது ஜாஸ்மோனிக் அமிலம். பெயரிலேயே மல்லிகை இருக்கிறது பாருங்கள். எங்கள் ஊர் நாற்று எங்கெங்கோ போகிறது, எங்கள் பூவின் பெயர் அமெரிக்கக் கரோலினாவில் பிறந்த பொறிச்செடியின் வயிற்றுக்குள் கிடக்கிறது.

இது பூச்சி தின்னும் செடிக்கு மட்டும் உள்ள சரக்கு இல்லை. எல்லாச் செடியிலும் உண்டு. மல்லிகை மொட்டைப் புழு துளைக்கிறது என்று வையுங்கள், கடிபட்ட இடத்தில் இதே ஜாஸ்மோனிக் அமிலம் எழும், "கடிக்கிறான், கடிக்கிறான்" என்று செடிக்குள் சேதி போகும், புழுவுக்கு ஒவ்வாத பொருள்களைச் செடி தயாரிக்கத் தொடங்கும். (தயாரித்தும் ஒன்றும் ஆவதில்லை, நாங்கள் மருந்து அடிக்கத்தான் வேண்டியிருக்கிறது.) பூச்சிப்பொறி செய்தது என்னவென்றால், அடி வாங்கும்போது அடிக்கும் அலாரத்தையே சாப்பாட்டு மணியாக மாற்றிக்கொண்டது. பூஞ்சையையும் பூச்சியையும் எதிர்க்க மற்றச் செடிகள் வைத்திருக்கும் அதே நொதிகள்தான் இங்கே சமையலுக்குப் போகின்றன.

இதற்கு ஒரு அத்தாட்சி எனக்கு ரொம்பப் பிடித்தது. 2017இல் வந்த ஆய்வு. பூச்சிப்பொறி இலையை ஊசியால் குத்திக் காயப்படுத்தினார்கள். பூச்சி கிடையாது, சாப்பாடு கிடையாது. அப்படியும் ஜாஸ்மோனிக் அமிலம் ஏறி செரிமானச் சாறு சுரந்தது. காயத்துக்கும் விருந்துக்கும் அதனால் வித்தியாசம் பிடிக்க முடியவில்லை. புது வீட்டிலும் பழைய வயரிங்.

ஜூலை 10, காலை 7.00

திருத்தம். ஜாஸ்மோனிக் அமிலத்தின் மணமுள்ள வடிவத்தை 1962இல் முதலில் பிரித்தது நம் குண்டு மல்லியிலிருந்து இல்லை, பிச்சியிலிருந்து, அதாவது ஜாதிமல்லி எண்ணெயிலிருந்து. "எங்கள் பூ" என்று பீற்றிக்கொண்டது செல்லாது. வீட்டில் சொன்னதற்கு "பிச்சி மட்டும் யார் பூவாம்" என்றார்கள். சரி, சொந்தக்காரப் பூ.

ஜூலை 15, இரவு 10.00

என்னிடமும் ஒரு பொறிச்செடி இருந்தது. இறந்தகாலத்தில் சொல்வதைக் கவனியுங்கள்.

போன வருஷம் அதற்கு ஈ கிடைக்காமல் போன ஒரு வாரம், அதுவும் இந்தக் கரையில் ஈ கிடைக்காமல் போன அதிசய வாரம், கூனி போட்டுப் பார்க்கலாம் என்று தோன்றியது. கருவாட்டுக் கடையில் விற்கும் அந்தப் பொடிக் காய்ந்த கூனிதான். இறாலின் தோடும் பூச்சியின் ஓடும் ஒரே பொருள், கைட்டின். பொறி அந்தக் கைட்டினை உணர்ந்துதான் ஓட்டைக் கரைக்கும் நொதியை இன்னும் கூட்டுகிறது என்று படித்திருந்தேன். தொடல் முதல் சாட்சி, ருசி இரண்டாவது சாட்சி.

ஒரு கூனியை வெந்நீரில் ஊறவைத்து இரண்டு தண்ணீர் மாற்றினேன். இடுக்கியால் எடுத்து இலைக்குள் வைக்கும்போதே முடியில் பட்டுப் பொறி மூடிக்கொண்டது. விளிம்பு முட்கள் இரண்டு கை விரல் கோத்த மாதிரி நின்றன, இடையில் சந்து இருந்தது. (அந்தச் சந்து சின்னப் பூச்சி தப்பிப் போவதற்கு என்று டார்வின் நினைத்தார். சிறியதைச் செரிக்கும் செலவுக்கு வரவு கட்டாது.) மறுநாள் காலை பார்த்தால் திறந்து கிடக்கிறது, கூனி வைத்த இடத்தில் அப்படியே.

செத்தது உதறாதல்லவா? அது அப்போது எனக்கு உறைக்கவில்லை. அன்று சாயங்காலம் மறுபடி வைத்து, மூடியதும் பல் குத்தும் குச்சியால் பொறியின் வெளிப்பக்கத்தை மெல்ல அமுக்கி அமுக்கி விட்டேன், ஒரு நிமிஷம் இருக்கும், ஈ உதறுகிறது என்று அதை ஏமாற்றும் கணக்கில். ராத்திரி பத்து மணிக்கு டார்ச் அடித்துப் பார்த்தேன். முட்கள் கோத்த நிலை போய், இரண்டு மடலின் விளிம்பும் ஒன்றோடொன்று ஒட்டி, ஈரத் துணியைப் பிழிந்த மாதிரி இறுகியிருந்தது. சந்தே இல்லை. மடலின் முதுகில் கூனியின் வளைவு புடைத்துத் தெரிந்தது. இலை அப்படி இறுகும்போதுதான் அது பொறி என்கிற நிலைமை மாறி வயிறு ஆகிறது, சாறு வெளியே வடியாது, வெளியிலிருந்து எதுவும் உள்ளே போகாது.

எட்டாவது நாள் பொறியின் நுனி கறுத்தது. பத்தாவது நாள் முழு இலையும் கறுத்து நாறியது. கருவாட்டுக் கடையே நாறாத அளவுக்கு நாறியது என்று சொன்னால் எங்கள் பக்கத்துக்காரர்களுக்குப் புரியும்.

ஜூலை 16, காலை 5.50

"உப்புதானே காரணம்?" என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். நானும் ஒரு வருஷம் அப்படித்தான் நம்பினேன், எல்லாரிடமும் அப்படித்தான் சொன்னேன். இப்போது சந்தேகம். இரையிலிருந்து வரும் சோடியத்தை இந்தச் செடி இலைச் சுரப்பிகள் வழியாக உறிஞ்சிக்கொள்கிறது, அதற்கென்றே அந்தச் செல்களில் ஒரு வாய்க்கால் புரதம் இருக்கிறது. அதையும் கண்டது அதே வூர்ட்ஸ்பர்க் குழுதான். ஆகவே இலைக்குள் வரும் கொஞ்ச உப்பு அதற்கு அந்நியம் இல்லை. வேரில் ஏறினால்தான் சாவு.

என் கூனி பெரிதாகப் போய்விட்டது என்று நினைக்கிறேன். பொறி நீளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இரை இருக்கக் கூடாது என்பார்கள். வால் நுனி விளிம்பில் மாட்டி ஒரு இடத்தில் வயிறு முழுசாக மூடாமல் இருந்திருக்கும், அந்த வழியாகக் கிருமி புகுந்து செடிக்கு முன்னால் அது சாப்பிட ஆரம்பித்திருக்கும். அழுகலும் செரிமானமும் கரைக்கிற வேலைதான், யார் முந்துகிறார்கள் என்பதுதான் வித்தியாசம்.

ஜூலை 22, இரவு 10.30

நிறுத்துவது பற்றி யாருமே கேட்கவில்லை, எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. ஆரம்பிப்பதற்கு ஈயின் உதறல் இருக்கிறது. ஈ செத்துப்போன பிறகு? உதறல் நின்றுவிடும். அந்தக் கணக்கில் பொறி மறுநாளே திறந்திருக்க வேண்டுமே.

ஈ செத்ததும் வேலை தொடலிலிருந்து ருசிக்குக் கைமாறுகிறது. கரைந்து வரும் அம்மோனியம், கைட்டின் துணுக்கு எல்லாம் இலையைத் தூண்டிக்கொண்டே இருக்கும், அது இருக்கும் வரை ஜாஸ்மோனிக் அமிலமும் இறங்காது, சுரப்பும் நிற்காது. இதில் வேடிக்கை, சுரப்பதும் அதே சுரப்பி, உறிஞ்சுவதும் அதே சுரப்பி. சமைக்கிற கையாலேயே சாப்பிடுகிறது. உறிஞ்சி உறிஞ்சி உள்ளே சத்து தீர்ந்ததும் ருசி சொல்ல ஆள் இல்லை, அலாரம் அடங்குகிறது, மடல் வளர்ந்து விலகுகிறது. யாரும் நிறுத்துவதில்லை. தட்டு காலியாவதுதான் நிறுத்தம்.

தொண்டிக்காரருக்கு: திறந்ததா?

ஜூலை 23

திறந்துவிட்டதாம். எட்டாம் தேதியே. சொல்ல மறந்துவிட்டாராம். உள்ளே ஈயின் தோல் மட்டும் முழுசாக, "உயிரோடு இருப்பது போல" என்று எழுதியிருக்கிறார். ஓட்டின் மேல் தோலை முழுக்கக் கரைக்க அதனால் ஆவதில்லை.

ஆகஸ்ட் 3, மதியம் 3.15

நம்மூரில் இப்படி ஒன்றுமே இல்லையா என்ற கேள்விக்கு: அழுகண்ணி. இலையெல்லாம் சிவப்பு முடி, முடி முனையெல்லாம் பசைத்துளி, காலை வெயிலில் அழுகிற கண் மாதிரி மின்னும். அறிவியல் பெயர் டிரோசீரா. நம் மாநிலத்து ஈர மணலில் இரண்டு வகை உண்டு. மழைக்காலத்தில் விரல் நீளம்கூட இருக்காது, தெரியாமல் மிதித்துவிட்டுத்தான் தேடுவோம்.

எனக்கு முதலில் அழுகண்ணி காட்டியது தேவிபட்டினத்து அத்தை. உப்பளத்து வரப்பில் ஒரு சாம்பல் நிறப் பூண்டைக் காட்டி, "இதுதான் அழுகண்ணி, விடிகாலையில் வந்தால் அழுதுகொண்டு நிற்கும்" என்றார். போய்ப் பார்த்தேன், நிஜமாகவே இலையெல்லாம் துளி. அன்றிலிருந்து என் கணக்கில் நான் உப்பு மண்ணில் பூச்சி தின்னும் செடி பார்த்தவள்.

ஆகஸ்ட் 4, இரவு 11.10

நேற்று எழுதியதை வெட்கத்தோடு திருத்துகிறேன். அத்தை காட்டியது டிரோசீரா இல்லை. கிரெஸ்ஸா என்கிற உப்பு நிலப் பூண்டு. வடமொழி வைத்தியத்தில் ருதந்தி, அதுவும் அழுகிறவள்தான். சில ஊரில் இரண்டையும் அழுகண்ணி என்றே சொல்கிறார்கள், அத்தை மேல் தப்பில்லை. அது இலை வழியாக உப்பைக் கசியவிடுகிறது, காற்றின் ஈரத்தை அந்த உப்பு இழுத்துத் துளியாகிறது. கண்டல் இலையை நக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இதே வித்தை. பழைய ஞாபகத்தைக் கிளறினால், அந்தத் துளியை நான் விரலில் தொட்டபோது பசை இழுக்கவில்லை, வெறும் தண்ணீராக இருந்தது. அப்போதே சந்தேகப்பட்டிருக்கலாம்.

ஒரு செடி வேண்டாததை வெளியே அழுகிறது, இன்னொன்று வேண்டியதைப் பிடிக்க அழுகிறது. அத்தையிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்லப்போவதும் இல்லை.

ஆகஸ்ட் 11, இரவு 9.00

அசல் அழுகண்ணிக்கு வருவோம். டார்வின் இதில் கிறுக்காகவே இருந்திருக்கிறார். உலகத்து உயிரினங்கள் எல்லாம் எப்படித் தோன்றின என்பதைவிட இப்போதைக்கு டிரோசீரா மேல்தான் எனக்கு அக்கறை என்று 1860இல் நண்பர் லயெலுக்குக் கடிதம் எழுதினார். அந்த மற்ற விஷயத்துக்கு அவர் புத்தகம் போட்டு அப்போது ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது!

15 வருஷம் கழித்து 1875இல் பூச்சி உண்ணும் தாவரங்கள் பற்றித் தனிப் புத்தகம் வந்தது. அதில் அவர் செய்த வேலைகள் நம் அடுப்படியில் செய்யக்கூடியவை. அவித்த முட்டையின் வெள்ளைக்கருவைப் பொடிக் கனசதுரமாக வெட்டி இலையில் வைத்தார். முதலில் கூர் முனைகள் மழுங்கின, அப்புறம் உருண்டையாகி, கரைந்தது. கண்ணாடித் துணுக்கு வைத்தாலும் முடிகள் வளையும், ஆனால் சீக்கிரமே விட்டுவிடும். இறைச்சி என்றால் நாள்கணக்கில் பிடித்திருக்கும். மழைத்துளி எத்தனை விழுந்தாலும் அசையாது, ஆனால் மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத தலைமுடித் துணுக்குக்கு வளையும். மழையையும் இரையையும் அது பிரித்தறிகிறது, பொறிச்செடிக்கு இரண்டு தொடல் எப்படியோ இதற்கு இப்படி.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது சோடா உப்பு. முட்டைத் துண்டு கரைந்துகொண்டிருக்கும்போது அதன்மேல் காரக் கரைசல் துளி விட்டு அமிலத்தை முறித்தார். செரிமானம் நின்றது. அப்புறம் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டார், மறுபடி ஓடத் தொடங்கியது. நொதி அங்கேயேதான் இருந்தது, அமிலம் இல்லாமல் அதற்குக் கை ஓடவில்லை. கறிச்சோறு தின்றுவிட்டு சோடா குடிக்கிற நாம் அதே பரிசோதனையைத் தினமும் செய்கிறோம்.

ஆகஸ்ட் 12

சோடாக் கடைக்காரர் ஒருவர் கோபித்திருக்கிறார். கடைச் சோடா காரம் இல்லை, அதுவும் அமிலம்தான், கரியமில வாயு. சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆப்பசோடா என்று படித்துக்கொள்ளுங்கள்.

ஆகஸ்ட் 19, இரவு 10.15

"அப்போ அந்தச் செடி ஏன் தன்னையே செரித்துக்கொள்வதில்லை?" இந்த இழையிலேயே நல்ல கேள்வி இது.

சூடை மீனை எடுத்துக்கொள்ளுங்கள். வயிறு முட்டத் தின்றுவிட்டு வலையில் ஏறிய சூடையை ஐஸ் போடாமல் வெயிலில் விட்டால் சில மணி நேரத்தில் வயிறு வெடித்திருக்கும். கிருமி வேலை தொடங்குவதற்கு முன்பே மீனின் சொந்தச் செரிமான நொதிகள் வயிற்றுச் சுவரைத் தின்றுவிடுகின்றன. நேற்றுவரை அதே சாறு அதே வயிற்றில்தான் இருந்தது, ஒன்றும் ஆகவில்லை. உயிரோடு இருக்கும்வரை சுவரைக் காத்துப் பழுதுபார்க்கிற வேலை ஓடிக்கொண்டே இருந்தது, செத்ததும் நின்றது. பெரிய மீனுக்குக் குடலை எடுத்துவிட்டு உப்புப் போடுவதும், பொடி மீனை உடனே மணலில் விரித்துக் காயவைப்பதும் எங்கள் பாட்டிமார் நொதி என்ற வார்த்தை தெரியாமலே அதைத் தடுத்த வழி.

இலையிலும் அப்படித்தான். நொதி செல்லுக்குள் தயாராகும்போது பொட்டலம் கட்டியே நகர்கிறது, வெளியே அமிலத்தில் விழுந்த பிறகுதான் வேலை. இலையின் உயிருள்ள மேல்தோல் அதைத் தாங்குகிறது. தாங்கவும் ஒரு அளவு உண்டு. அதிக இறைச்சி வைத்த இலைகள் கெட்டுப்போனதை டார்வினும் எழுதியிருக்கிறார். என் கூனி இலை ஞாபகம் வருகிறது.

செப்டம்பர் 14, இரவு 9.40

மதுரை லோடு, அப்புறம் காய்ச்சல். ஒரு மாதமாக வரவில்லை.

குடுவைச்செடி கேட்டிருந்தீர்கள். இந்தியாவில் ஒன்றே ஒன்றுதான், மேகாலயத்தில், நெப்பந்தஸ் காசியானா. ஆனால் எங்களுக்குப் பக்கம் அது இல்லை. தனுஷ்கோடி முனையில் நின்றால் முப்பது கிலோமீட்டருக்குள் இலங்கைக் கரை. அந்தத் தீவின் ஈரக்காட்டுப் பக்கம் நெப்பந்தஸ் டிஸ்டில்லடோரியா வளர்கிறது, சிங்களத்தில் பந்துரா, உலகத்தில் வேறெங்கும் இயற்கையாக இல்லை. நேர்க்கோட்டில் மேகாலயத்தைவிட எவ்வளவோ கிட்டம். போய்வர பாஸ்போர்ட் வேண்டும், அவ்வளவுதான்.

குடுவைக்காரி கதை வேறு. அவள் வாய் மூடுவதே இல்லை. ஆக, தொடலை எண்ணும் வேலை இல்லை. குடுவை திறப்பதற்கு முன்பே உள்ளே சாறு தயாராக இருக்கிறது, கிருமிகூட இல்லாத சுத்தமான சாறு. சோறு வடித்து வைத்துவிட்டு வாசலில் உட்கார்ந்திருக்கிற மாதிரி. இதைப் பார்த்துவிட்டு இவளுக்குக் கட்டுப்பாடே இல்லை என்று சொல்லிவிடலாம், நானே போன வருஷம் ஒருவரிடம் சொன்னேன். தப்பு. பூச்சி விழுந்து அம்மோனியம் வந்ததும் அமிலம் ஏறுகிறது. காசியானாவின் திறக்காத குடுவைக்குள் ஊசி வழியாகக் கைட்டின் மட்டும் செலுத்திப் பார்த்திருக்கிறார்கள், ஓடு கரைக்கும் நொதி கூடியது. அதாவது சோறு தயார், குழம்பு மட்டும் ஆளைப் பார்த்து.

அதே சாற்றில் சில கொசுப்புழுக்கள் செரிமானமாகாமல் சுகமாக நீந்துகின்றன என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், யாராவது டெங்குவுக்குக் குடுவைச்செடி வளர்க்கலாமா என்று கேட்பதற்கு முன்.

செப்டம்பர் 15

கேட்டுவிட்டார்கள்.

அக்டோபர் 2, காலை 6.30

என் செடி எப்படிச் செத்தது என்று முழுதாகச் சொல்கிறேன், வாங்கப்போகிறவர்களுக்கு உதவும். கூனியால் போனது ஒரு இலைதான். செடியைக் கொன்றது தண்ணீரும் வெயிலும். எங்கள் கிணற்றுத் தண்ணீரில், கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரை விட்டால் நான்கு இலக்கம் காட்டும், மல்லிகையே முகம் சுளிக்கும். மழைநீரோ ஏசி வடிநீரோ மட்டும்தான் ஊற்ற வேண்டும், மே மாதம் ஒரு வாரம் நான் ஊரில் இல்லாதபோது யாரோ நல்லெண்ணத்தில் குழாயைத் திறந்துவிட்டார்கள். அதையும் தாங்கியிருக்கலாம். ஆனால் பொறிச்செடி வட, தென் கரோலினாக் கடற்கரைச் சமவெளியின் செடி, குளிர்காலத்தில் மூன்று நான்கு மாதம் தூங்க வேண்டும். அங்கேயும் மணல்தான், கடல்தான், ஆனால் இராமநாதபுரத்தில் அது எங்கே போய்க் குளிரைத் தேடும்? தூங்காத செடி இரண்டாவது வருஷம் இலை சிறுத்துக்கொண்டே போனது. கடைசியாக வந்த பொறி மிளகு அளவு, எறும்பு ஏறினாலும் மூடவில்லை. விற்றவர் "வெயில் தாங்கும் ரகம்" என்று எழுதியிருந்தார். எது எழுதினாலும் நம்பி வாங்கிய என்னைச் சொல்ல வேண்டும், நாற்று விற்கிறவள் நான்.

நவம்பர் 18, மதியம் 1.30

வாடை பிடித்துவிட்டது, நான்கு நாள் நல்ல மழை, கண்மாய்கள் ஏறியிருக்கின்றன. நேற்று இராமநாதபுரம் போகிற வழியில் ஒரு கண்மாய்க் கரையில் தண்ணீருக்கு மேலே மஞ்சள் பூ தலைகாட்டி நின்றது. இறங்கி ஒரு கொடியை இழுத்தேன், வேரே இல்லை, நூல் மாதிரி இலை, இலையெல்லாம் கடுகைவிடச் சின்னப் பைகள், சில பச்சை, சில கறுப்பு. யூட்ரிகுலேரியா, தண்ணீருக்குள் பூச்சி பிடிக்கும் செடி. இவ்வளவு மாதம் கரோலினா, இலங்கை என்று அளந்துவிட்டு, நம் கண்மாயில் கிடப்பதை எழுதவில்லை பாருங்கள்.

பாட்டிலில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து பேரனின் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். பை தன்னுள்ளே இருக்கும் தண்ணீரை வெளியே இறைத்துவிட்டு ஒட்டிய கன்னம் மாதிரி காத்திருக்கும். வாசலில் ஒரு கதவு, கதவில் முடி. பொடிப் பூச்சி முடியில் பட்டால் கதவு உள்பக்கம் விழும், தண்ணீரோடு பூச்சியும் போகும், ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம்கூட இல்லை. நான் பார்த்தது அதன் பிறகானதைத்தான்: முதலில் பை தட்டையாக இருந்தது, நான் கண் சிமிட்டினேன், பை உப்பியிருந்தது, உள்ளே ஒரு புள்ளி சுற்றிச் சுற்றி வந்தது. அரை மணி நேரத்துக்குள் மறுபடி தண்ணீரை இறைத்துத் தட்டையாகிவிட்டது. பேரன் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை, ஒவ்வொரு தடவையும் சிமிட்டிவிட்டான். இரண்டாவது தொடலுக்குக் காத்திருக்க இதற்கு நேரம் ஏது!

நவம்பர் 19, இரவு 11.50

இது என் வாதத்துக்கு உதைக்கிறது. செரிமானத்துக்குச் செலவு அதிகம், அதனால் சாட்சி கேட்டுத்தான் சுரக்கும் என்று ஜூலையிலிருந்து சொல்லி வருகிறேன். இந்தப் பை சாட்சி கேட்பதில்லை. பூச்சி இருந்தாலும் இல்லாவிட்டாலும் உள்ளே நொதி இருக்கிறது. யாரும் தொடாமலே பல மணி நேரத்துக்கு ஒருமுறை தானாகவும் கதவு விழுகிறது. விழுந்த பூச்சி சாறில் கரைவதற்கு முன்பே மூச்சுமுட்டிச் செத்துவிடும், உள்ளே ஆக்சிஜன் அநேகமாகக் கிடையாது. அதிலும் பிழைத்துப் பாசியும் கிருமியும் உள்ளேயே குடும்பம் நடத்துகின்றன.

பை கடுகளவு, உள்ளே பிடிக்கும் சாறு துளியிலும் துளி, சுற்றிலும் மூடியிருக்கிறது, வீணாக வழி இல்லை. திறந்த இலையில் சாறு ஊற்றுகிறவளுக்குத்தான் சிக்கனம் வேண்டும். இப்படிச் சொல்லி என் வாதத்தைக் காப்பாற்றிக்கொள்கிறேன், ஆனால் இது இரவு பன்னிரண்டு மணிக்கு நானே கட்டியது. காலையில் யாராவது உடைத்தால் சந்தோஷம்.

தென்னாப்பிரிக்காவில் ரோரிடுலா என்று ஒன்று, அது பசையில் பூச்சியைப் பிடித்துவிட்டுச் செரிப்பதே இல்லை. அதன் மேல் வாழும் ஒரு நாவாய்ப்பூச்சி இனம் வந்து தின்னும், அது போடும் எச்சத்தை இலை உறிஞ்சிக்கொள்ளும். ஆள் வைத்துச் சமைக்கிற வீடு. கட்டுப்பாடு பற்றி அந்தச் செடியிடம் கேட்டால் என்ன சொல்லும்?

டிசம்பர் 6, காலை 6.40

யாரும் உடைக்கவில்லை. எல்லாரும் மழையில் பிஸி போல.

தொண்டிக்காரர் செடியில் புது இலை மூன்று, படம் போட்டிருக்கிறார். நாளைக்குச் செங்கல்பட்டுக்குக் கன்று ஏறுகிறது, திரும்பிவரப் பத்து நாள் ஆகும். கருவாடு ஊறவைத்த தண்ணீரை வடிகட்டிப் பொறிச்செடிக்கு ஊற்றலாமா என்று கேட்டவருக்கு மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். ரசம் வையுங்கள்.